சலமோனே ரோஸ்ஸியின் கதீஷ்: இறந்தவர்களுக்கான பிரார்த்தனை ஏன் இப்படித் துள்ளுகிறது?

ஆல்டோ_குரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன கொயரில் ஆல்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) பாடுகிறேன், மொத்தம் 14 பேர். பல வருடம் எங்களோடு பாடிய ஒருவர் போன மாதம் காலமானார். அவருடைய நினைவு நிகழ்ச்சியில் பாடலாம் என்று எங்கள் கொயரை நடத்துபவர் 5 குரல்களுக்கான கதீஷ் ஒன்றை எடுத்து வந்தார். இயற்றியவர் சலமோனே ரோஸ்ஸி, மாந்துவா, 1623 என்று தாளில் போட்டிருந்தது. கதீஷ் என்றால் யூதர்கள் இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனை, பொருத்தமாக இருக்கும் என்றார். சரி என்று முதல் ஒத்திகையில் பாடிப் பார்த்தோம். துக்கத்தின் சாயலே இல்லை. கால் தானாகத் தாளம் போடுகிறது, பாடி முடித்தபோது இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரை நினைத்துக்கொண்டு போன எனக்கு அது என்னவோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன், குழப்பம் இன்னும் கூடிவிட்டது. யூத இசை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹவா நகீலா என்ற பிரபலமான யூதப் பாட்டும், அழுகிற மாதிரி வளைந்து போகும் கிளாரினெட்டும்தான். ரோஸ்ஸியில் அந்த வளைவு எதுவும் காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தக் காலத்து இத்தாலியப் பாட்டு என்றுதான் சொல்லுவேன், மொழி மட்டும் வேறு. அப்புறம் பழைய அச்சுப் பக்கம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். சுரங்கள் இடமிருந்து வலமாகப் போகின்றன, கீழே எபிரேயச் சொற்கள் வலமிருந்து இடமாக இருக்கின்றன. இதை எப்படிப் படித்துப் பாடினார்கள்?

இவர் யார், இது எந்த வகையில் யூத இசை, இதை நினைவு நிகழ்ச்சியில் பாடுவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_ஏடு எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் கதீஷ் விஷயம், ஏனென்றால் உங்கள் மனதை உறுத்துவது அதுதான். கதீஷின் சொற்களில் மரணம் என்ற பேச்சே கிடையாது. பெரும்பாலும் அரமேய மொழியில் உள்ள ஒரு புகழ்ச்சி அது: கடவுளின் பெயர் பெரிதாகட்டும், பரிசுத்தமாகட்டும், அவருடைய அரசு சீக்கிரம் வரட்டும் என்று போகும். ஜெப ஆலய வழிபாட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் இதைச் சொல்லுவார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்று சொல்லும் கதீஷ் அதன் வகைகளில் ஒன்று மட்டும்தான், அந்த வழக்கம் மத்திய காலத்தில் ஜெர்மன் பகுதி யூதர்களிடையே வேரூன்றியது. ரோஸ்ஸி எழுதியது பண்டிகைகளுக்கும் விசேஷமான ஓய்வுநாள்களுக்குமான இசை. அதனால் அது துள்ளுவதில் தப்பே இல்லை. அந்த 5 குரல் கதீஷைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்காலத்து ஆட்டப் பாட்டான பல்லெத்தோதான் நினைவுக்கு வரும்.

இனி ஆளைப் பற்றி. பிறந்தது 1570 வாக்கில். வேலை பார்த்தது இத்தாலியின் மாந்துவா நகரத்தில், அதை ஆண்ட கொன்சாகா பிரபுக்களின் அரசவையில். அதே அரசவையில் அதே ஆண்டுகளில்தான் பெரிய இசையமைப்பாளரான மொந்தெவெர்தி இருந்தார், 1607ல் அவருடைய ஒர்ஃபேயோ என்ற இசை நாடகம் அரங்கேறியதும் அங்கேதான். ரோஸ்ஸி வயலின் குடும்பக் கருவிகளை வாசித்தவர். 1589ல் முதல் தொகுப்பை வெளியிட்டார், 3 குரல்களுக்கான கன்சொனெத்தாக்கள், அதாவது இலேசான சின்னப் பாட்டுகள். அப்புறம் மட்ரிகல் (கவிதைக்குப் பல குரல் இசை) தொகுப்புகள், 1607 முதல் 4 வாத்தியத் தொகுப்புகள். இரண்டு வயலின் மேலே உரையாட, கீழே பேஸ் என்ற தாழ்ந்த ஒலிப் பகுதி ஒன்று தாங்கும் அந்த மூவர் அமைப்பு பின்னால் பரோக் காலம் முழுக்கக் கோலோச்சியது, அதற்கு வழி போட்டவர்களில் இவர் முக்கியமானவர். வயலின் வாசிப்பவர்கள் பலருக்கு இவர் இந்த வகையில்தான் அறிமுகம், எபிரேயத்தில் எழுதியிருக்கிறார் என்பதே தெரியாது.

தன் புத்தகங்களின் அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எப்ரேயோ’, அதாவது யூதர், என்று போடுவார். 1606ல் பிரபு வின்சென்சோ, யூதர்கள் ஆடையில் அணிந்தே ஆக வேண்டிய மஞ்சள் அடையாளத்திலிருந்து இவருக்கு விலக்கு கொடுத்தார். அதைப் பெரிய மரியாதையாக எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனது கனக்கும். அரசவையில் வாசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருவில் யாரும் மடக்காமல் இருக்க இவருக்கு ஒரு அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. 1612ல் மாந்துவா யூதர்களுக்கான கெட்டோ என்ற தனிக் குடியிருப்பு வந்துவிட்டது, சுவர், வாயிற்கதவு, இரவானால் பூட்டு. 1617ல் மகதலேனா மரியாளைப் பற்றிய ஒரு சமய நாடகத்துக்கு மொந்தெவெர்தி உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து இவரும் இசை எழுதினார்.

இவருடைய சகோதரி ஒரு பாடகி, அரசவையில் அவரை ‘மதாமா எவ்ரோப்பா’ என்று அழைத்தார்கள்.

துக்கத்துக்குப் பொருத்தமாக ரோஸ்ஸியிலேயே வேண்டுமென்றால் ‘எலோஹீம் ஹஷிவேனு’ பாருங்கள். வேதாகமத்தின் துதிப்பாடல் நூலில் சங்கீதம் 80ல் திரும்பத் திரும்ப வரும் வேண்டுதல், 4 குரல்கள், கனமான மெதுவான பாட்டு. சங்கீதம் 137க்கு, பாபிலோன் ஆறுகளின் சங்கீதத்துக்கு, அவர் எழுதியதும் 4 குரல்தான்.

அச்சுக்கோர்ப்பவர் எழுதியது:

நான் எழுத்துரு வேலை செய்பவன். இசை எனக்கு அரைகுறைதான், ஆனால் அந்தப் பக்கத்தின் படத்தை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் பெயர் ‘ஹஷிரீம் அஷேர் லிஷ்லோமோ’, சாலொமோனுடைய பாட்டுகள் என்று பொருள். வேதாகமத்து உன்னதப்பாட்டின் முதல் வரியை எடுத்துத் தன் பெயரோடு பொருத்திக்கொண்டார். உள்ளே உன்னதப்பாட்டிலிருந்து ஒரு வரிகூடக் கிடையாது, தேடி ஏமாற வேண்டாம். சங்கீதங்கள், வழிபாட்டுப் பாடல்கள், ஒரு கல்யாணப் பாட்டு என்று 33 உருப்படிகள், 3 முதல் 8 குரல்கள் வரை. வெனிஸில் பிரகதீனி அச்சகத்தில் அச்சானது. எபிரேய ஆண்டு 5383, அது 1622 செப்டம்பரில் தொடங்குகிறது, அதனால்தான் சில இடத்தில் 1622 என்றும் சில இடத்தில் 1623 என்றும் பார்ப்பீர்கள்.

இப்போது அந்தத் திசைப் பிரச்சினை. எபிரேயச் சொற்களுக்கான பல குரல் இசையை ஒரு புத்தகமாக அச்சடித்தவர் அவருக்கு முன்னால் எவருமில்லை, பார்த்துச் செய்ய மாதிரி கிடையாது. வழிகள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். சுரங்களை வலமிருந்து இடமாகத் திருப்பலாம், ஆனால் பாடகர்கள் சிறு வயதிலிருந்து படித்த பழக்கம் உடைந்துபோகும். எபிரேயத்தை லத்தீன் எழுத்தில் எழுதலாம், அது ஜெப ஆலயப் புத்தகமாக இருக்காது. சுரத்தை அதன் திசையிலும் சொல்லை அதன் திசையிலும் விட்டுவிடலாம். மூன்றாவதைத்தான் செய்தார்கள். பதிப்பைக் கவனித்துக்கொண்டவர் வெனிஸ் நகரத்து ரபி (யூத மதகுரு) லியோனே மோதெனா, அவர் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்: சொற்கள் எல்லோருக்கும் மனப்பாடம், அவற்றை மாற்றிப் படிப்பது சுரங்களை மாற்றிப் படிப்பதைவிடச் சுலபம் என்ற பொருளில். பாடியவர்களுக்கு அந்தச் சங்கீதங்கள் குழந்தையிலிருந்தே வாயில் இருந்தன, கண் சுரத்தின் மேல் ஓடும்போது கீழே உள்ள சொல் ஒரு நினைவூட்டல்தான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து எடுத்த முடிவு.

இன்னொன்று, மொத்த இசையும் ஒரே பக்கத்தில் இருக்காது. ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். அனுமதியில்லாமல் மறுபதிப்புச் செய்யக்கூடாது என்று 15 ஆண்டுகளுக்கு ரபிகளின் தடையும் உள்ளே அச்சாகியிருக்கிறது.

நிகுன் எழுதியது:

மேலே எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கேள்வியின் நடுப்பகுதியை யாரும் தொடவில்லை, நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். சகோதரியின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ரோஸ்ஸி நல்ல இசை, ஆனால் யூத இசை இல்லை. ஜெப ஆலயத்தில் பரம்பரையாக வந்த மெட்டுகள் அதில் இல்லை, தோராவை, அதாவது யூத வேதத்தை, ராகமாக ஓத உதவும் தெஅமீம் குறிகளின் சாயல் இல்லை, வழிபாட்டை நடத்திப் பாடும் ஹசான் ஒற்றைக் குரலில் நீட்டி இழைக்கும் அந்த விரிவு இல்லை. மாந்துவா அரசவை இசைக்கு எபிரேய உடை போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

யூத இசை என்ன என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் ஆபிரகாம் ட்ஸ்வி இடெல்சோன். எருசலேமில் இருந்தபோது யேமன், பாபிலோன், பாரசீகம் என்று ஒவ்வொரு ஊர் யூதர்களிடமும் போய், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து எழுதினார், அதில் தொடங்கிய வேலையைப் பின்னால் 10 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். வெவ்வேறு நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் பிரிந்து கிடந்தவர்களின் ஓதுதலில் பொதுவான சொற்றொடர்கள் இருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார். அந்தக் கண்ணோடு பார்த்தால் ரோஸ்ஸி வாசலுக்கு வெளியேதான் நிற்பார்.

ஓய்வுநாள் இரவு ஒரு மேசையைச் சுற்றிச் சொல்லே இல்லாத ஒரு மெட்டை, நிகுன் என்பார்கள், பாடிக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

பழைய_ஏடு எழுதியது:

நிகுன் ஐயா, இடெல்சோன் மேல் எனக்கும் அதே மதிப்புதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். சகோதரி ‘யூத ஒலி’ என்று சொல்வது ஹவா நகீலாவின் ஒலி. அந்த மெட்டு கிழக்கு ஐரோப்பாவின் சாதகுரா ஊர் ஹசிதியர்கள் என்ற யூத பக்தி இயக்கத்தவரிடமிருந்து வந்தது, அதற்குச் சொல் பொருத்திப் பரப்பியதில் இடெல்சோனுக்கே பெரிய பங்கு. அதில் வரும் ‘அஹவா ரபா’ என்ற சுர வரிசை (நம்மவர்களுக்குச் சொல்வதென்றால் வகுளாபரணத்தின் சுரங்கள்) ஹிஜாஸ் என்ற பெயரில் அரபு இசையில் உண்டு, ருமேனிய, உக்ரைனிய நாட்டுப் பாடல்களிலும் அதன் உறவுகள் உண்டு. அது யூதர்களுடையதாக ஆனது அவர்கள் அதில் நூற்றாண்டுகளாக அழுததாலும் ஆடியதாலும்தான். கிளாரினெட்டோ 1700 வாக்கில்தான் உருவாகிறது. மாந்துவாவில் இருந்த ஒருவர் அந்த ஒலியில் ஏன் எழுதவில்லை என்று கேட்பது, அவர் போகாத ஊருக்கு அவரிடம் வழி கேட்பது போல.

ரோஸ்ஸியை அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய காரணம் வேறு. எருசலேம் தேவாலயம் 70ஆம் ஆண்டு இடிக்கப்பட்டபின் துக்கத்தின் அடையாளமாக இசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. சங்கீதம் 137ல் சிறைப்பட்டவர்கள் தங்கள் கின்னரங்களை (யாழ் போன்ற வாத்தியங்களை) மரத்தில் தொங்கவிட்டுவிட்டு, அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று கேட்கிறார்களே, அதுதான் எதிர்த்தவர்களின் மனநிலை. லியோனே மோதெனா 1605ல் ஃபெராராவில் இருந்தபோதே ஜெப ஆலயத்தில் ஆறோ எட்டோ பேர் சேர்ந்து பல குரலில் பாடலாம் என்று தீர்ப்பு எழுதியவர். ரோஸ்ஸியின் புத்தகத்தில் அதையே மறுபடி அச்சிட்டார். கல்யாணத்தில் மணமக்களை மகிழ்விக்கப் பாட்டு கூடும் என்றால் ஆராதனைக்கு ஏன் கூடாது என்பது அவருடைய கேள்வி. பழைய எருசலேம் தேவாலயத்தில் லேவி குலத்தார் பாடிய பெரிய இசை ஒன்று இருந்தது, நாடிழந்த துன்பத்தில் அது மறந்துபோனது, இப்போது ரோஸ்ஸி அதை மீட்டுத் தருகிறார் என்றார். கிறிஸ்தவர்களின் இசைக் கலையே எபிரேயர் தேசத்திலிருந்து திருடப்பட்டதுதான் என்று ரோம் நகரத்துக் கவிஞர் இம்மானுவேல் எழுதிய வரியையும் துணைக்கு அழைத்தார். வரலாறாக அது நிற்காது. ஆனால் அதைச் சொன்னவரின் மனதைப் பாருங்கள்: அவர் காதுக்கு ரோஸ்ஸி அந்நிய உடையாகத் தெரியவில்லை, தொலைந்துபோன சொந்தப் பொருளாகத் தெரிந்தது.

அந்த 137ஆம் சங்கீதத்துக்கே ரோஸ்ஸி இசை எழுதினார். பாட முடியாது என்று சொல்லும் வரிகளைப் பாட்டாக்கி, பாடக் கூடாது என்றவர்கள் நடுவில் வைத்தார். அதைவிட யூதத்தனமான காரியம் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு சோகமானது. 1630ல் வாரிசுரிமைப் போரில் புனித ரோமப் பேரரசரின் படை மாந்துவாவுக்குள் புகுந்து சூறையாடியது, யூதர்கள் துரத்தப்பட்டார்கள், கூடவே கொள்ளைநோய். 1628க்குப் பிறகு ரோஸ்ஸி வெளியிட்ட எதுவும் இல்லை, அவர் எங்கே எப்படிச் செத்தார் என்பதற்குப் பதிவும் இல்லை. வெனிஸ் கெட்டோவில் மோதெனா பங்கெடுத்த ஒரு இசைச் சபை இருந்தது, மாந்துவாவிலிருந்து தப்பி வந்த இசைஞர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். அதன் பெயர் ‘தடைபட்டவர்கள்’. எபிரேயப் பெயர் ‘சீயோனை நினைக்கையில்’, அதுவும் சங்கீதம் 137தான். அதையும் கொள்ளைநோய் கொண்டுபோனது. அதோடு ஜெப ஆலயத்தில் இந்த வகைப் பாட்டு ஏறக்குறைய 200 வருடம் அடங்கிவிட்டது. 1870களில் பாரிஸில் ஹசானாக இருந்த சாமுவேல் நௌம்பூர், வேன்சான் தாந்தி என்ற இளம் இசையமைப்பாளரின் உதவியோடு அந்தக் குரல் புத்தகங்களைப் படித்து மறுபடி அச்சேற்றியபிறகுதான் உலகத்துக்கு இப்படி ஒருவர் இருந்தது தெரிந்தது.

மாடி_ஆர்கன் எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. இதே சண்டை பெர்லினிலும் நடந்தது. லூயி லெவாண்டோவ்ஸ்கி, 1821ல் போசென் மாகாணத்து ரெஷனில் பிறந்தவர், தாய் இறந்தபின் 12 வயதில் பெர்லினுக்கு வந்து ஜெப ஆலயத்தில் ஹசானுக்குத் துணையாகப் பாடும் பையனாகச் சேர்ந்தார். பின்னால் 1866ல் ஒரானியன்புர்கர் தெருவில் 3000க்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் புதிய ஜெப ஆலயம் திறந்தபோது அதன் இசைக்குப் பொறுப்பு அவர்தான். கலப்புக் குரல் கொயர், ஆர்கன். அதுவும் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் மாதிரி இருக்கிறது என்றார்கள், ஓய்வுநாளில் ஆர்கன் வாசிப்பதா என்று கொதித்தார்கள். ஆனால் அவருடைய மெட்டுகளை இன்றைக்கு எத்தனையோ நாட்டில் ஆர்கன் இல்லாத, அதை ஏற்காத ஜெப ஆலயங்களில்கூட வெள்ளிக்கிழமை மாலை பாடுகிறார்கள், யார் எழுதியது என்று தெரியாமலே. பாட்டன் பாடினார், அப்பா பாடினார், அதனால் பாடுகிறார்கள்.

ரோஸ்ஸிக்கு அந்த இரண்டாம் தலைமுறை கிடைக்கவில்லை. நிகுன் ஐயாவின் பதில் அதனால்தான் என்று தோன்றுகிறது. இசை போதாமல் இல்லை, அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டிய பேரப்பிள்ளைகள் சிதறிப்போனார்கள்.

நிகுன் எழுதியது:

நேற்று இரவு ‘எலோஹீம் ஹஷிவேனு’வை மூன்று தடவை கேட்டேன். என் கருத்து முழுக்க மாறவில்லை, பரம்பரை மெட்டு அதில் இல்லை என்பது இன்னும் உண்மைதான். ஆனால் ‘திருப்பிக் கொண்டுவாரும்’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் குரல் குரலாகக் கையளித்துக்கொண்டு போகும் இடத்தில் என்னால் அசைய முடியவில்லை. வாசலுக்கு வெளியே என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆல்டோ_குரல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவையும் எங்கள் நடத்துநரிடம் படித்துக் காட்டினேன். ‘எலோஹீம் ஹஷிவேனு’வை முதலில் பாடுகிறோம், கதீஷைக் கடைசியில். இறந்துபோனவர் எங்களில் பேஸ் குரல் பாடியவர், மெதுவான பாட்டு என்றாலே ஒத்திகையில் கடிகாரத்தைப் பார்ப்பார். துள்ளும் பாட்டோடு முடிப்பதுதான் அவருக்குச் சரி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இப்போது அதைப் பாடும்போது எனக்கு என்னவோ போல இல்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். ‘அலம்’, ‘அல்மயா’ போன்ற சொற்களின் தொடக்கத்தில் எபிரேயத்தில் அயின் என்ற எழுத்து இருக்கிறதாம். அதை எப்படி உச்சரிப்பது?

பழைய_ஏடு எழுதியது:

இன்றைய இஸ்ரேலிய உச்சரிப்பில் வெறும் ‘அ’ போலவே சொல்லிவிடலாம், பெரும்பாலான கொயர்கள் அப்படித்தான் பாடுகின்றன. ஆனால் இத்தாலிய யூதர்களின் பழைய வழக்கத்தில் அயினுக்கு மூக்கொலி உண்டு, கிட்டத்தட்ட நம் ‘ங’தான். ‘ஙலம்’, ‘ஙல்மயா’. மற்ற மொழிக்காரர்கள் சொல்லின் தொடக்கத்தில் இந்த ஒலியைக் கொண்டுவரத் திணறுவார்கள், நீங்கள் அரிச்சுவடியிலேயே ங ஙா ஙி சொல்லிப் பழகியவர். நடத்துநர் சம்மதித்தால் ஒரு ஒத்திகையில் முயன்று பாருங்கள், ஆனால் 14 பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘அ’வே நல்லது.